கந்தப்பளையில் உடைந்த கொக்கி

ஹட்டன்
மாசி மாதம், ஞாயிறு காலை

அன்பு மச்சான்,

பொங்கலுக்கு முதல் வாரம் நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. பதில் இவ்வளவு சுணங்கியதற்குக் காரணம் இருக்கிறது. "எங்கள் புதுக் கொழுந்துக் கூடையின் வாரை மாட்ட இந்த மூன்று கொக்கியில் எது நல்லது?" என்று கேட்டிருந்தாய். மேசையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நுவரெலியாப் பக்கம் இருக்கிற கந்தப்பளைக்குக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்து, கொழுந்தெடுக்கப் போகும்போது மாற்றி மாற்றிப் பாவித்துப் பார் என்றேன். அவளோடு ஒரே நிரையில் நிற்கிற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். நாலு கிழமை முடிந்துவிட்டது. இப்போதுதான் உனக்கு எழுத என்னிடம் விஷயம் இருக்கிறது.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் குளிர் காலத்தில் முழங்கால் நோவு கூடிவிடும், மற்றபடி பரவாயில்லை. மகன் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு எடுத்திருக்கிறான். பின்னேரம் பட்டறைக்கு வந்து கவ்வாத்துக் கத்திக்குப் பிடி போடுகிறான். கை ஓடுகிறது, அவசரம்தான் கொஞ்சம் கூட. உன் வீட்டில் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்று நினைக்கிறேன்.

சரி, கொக்கிக்கு வருகிறேன்.

முதலில் போனது வெள்ளைக் கொக்கி, அந்தப் பொலிபுரொப்பிலீன். தைக் கடைசியில் கந்தப்பளையில் நல்ல பனி. விடிய எழும்பிப் பார்த்தால் உருளைக்கிழங்கு இலையெல்லாம் உப்புத் தூவினது போல் வெள்ளையாகக் கிடக்கும், வெயில் ஏறியதும் கருகிவிடும். நீ மறந்திருக்க மாட்டாய். அப்படியொரு காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு)ப் போகிற அவசரத்தில் அக்கா வாரை மாட்டிக் கொக்கியை அமத்தியிருக்கிறாள். டக்கென்று ஒரு சத்தம், நாக்கு ஒடிந்து கையோடு வந்துவிட்டது. அப்போது கூடையில் ஒரு கொழுந்துகூட இல்லை. பாரத்தால் உடைந்ததென்று சொல்லவே முடியாது.

உடைந்த துண்டை என் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பொலிபுரொப்பிலீன் சாதாரணமாக உடையும்போது முதலில் அந்த இடம் வெளிறும், பிறகு இழுபடும், அப்புறம்தான் அறும். பழைய சம்போ போத்தல் மூடியைப் பின்னுக்கு வளைத்தால் ஒரு வெள்ளைக் கோடு விழுமே, அது மாதிரி. இதில் வெளிறலும் இல்லை, இழுபட்ட அடையாளமும் இல்லை. கண்ணாடி ஓடு உடைந்தது போலச் சுத்தமான முகம். அந்தப் பிளாஸ்டிக்கின் சாதாரண ரகம் 0 பாகையை நெருங்கும்போது இறுகி நொறுங்குகிற தன்மைக்கு மாறிவிடும். ஐந்நூறு தரம் திறந்து மூடிப் பார்த்ததாக நீ எழுதியிருந்தாய். கொழும்பில் 30 பாகையில் அது ஐயாயிரம் தரமும் தாங்கும் மச்சான். கந்தப்பளையில் விடியக் காலையில் ஒரு தரம் தாங்கவில்லை. இனி எந்தச் சாமானையும் சோதிப்பதற்கு முதல் ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில், ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்து, கை விறைக்க விறைக்க அமத்திப் பார். செலவில்லாத சோதனை.

இன்னொன்றும் கண்டேன். ஒடிந்தது நாக்கு தொடங்குகிற உள்மூலையில், அதுவும் அந்த மூலை கத்தி வெட்டினது போல் கூராக இருந்தது. வளையும்போது வருகிற தகைப்பெல்லாம் அங்கேதான் வந்து குவியும். அந்த இடத்தில் ஒரு மில்லிமீற்றர் ஆரைக்கு வளைவு கொடுத்திருந்தால், இதே பிளாஸ்டிக் இன்னும் கொஞ்ச நாள் உழைத்திருக்கும். என்னிடம் முறிந்து வருகிற சாமானில் பாதிக்கு மேல் இப்படிக் கூர் மூலையில்தான் முறிந்திருக்கிறது. ஆட்கள் பிளாஸ்டிக்கைத்தான் திட்டுகிறார்கள்.

சாம்பல் நிறக் கொக்கி, அந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக், குளிருக்கு அசையவில்லை. எனக்கு அதில்தான் நம்பிக்கை இருந்தது. மூன்றாம் கிழமை வாங்கிப் பார்த்தபோது வார் நுழைகிற துவாரத்துக்குப் பக்கத்தில் மயிரிழை போல நாலைந்து வெள்ளைக் கோடுகள். டோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. என்ன காரணமென்று இரண்டு நாள் மண்டையைப் போட்டுக் குழப்பினேன். பிறகு வாரை முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசம்! பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, சீவி, கொண்டை போட்டு, அதன் மேல்தானே வாரைப் போடுகிறார்கள். எண்ணெய் வாரில் ஊறி, கொக்கி வரைக்கும் வந்திருக்கிறது. இழுவையில் நிற்கிற ஏபிஎஸ்ஸில் எண்ணெயோ கொழுப்போ பட்டால் இப்படி நுண்வெடிப்பு விடுவதுண்டு. எண்ணெய் தனியாகவும் பாரம் தனியாகவும் இருந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டும் சேர்ந்தால் போச்சு. உங்கள் விபரக்கோவையில் மழை, வெயில், பாரம் எல்லாம் எழுதியிருந்தீர்கள். தேங்காய் எண்ணெயை யாரும் எழுதவில்லை, கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தியோடு ஒரு நாள் கூட நின்றிருந்தால் அதுதான் முதல் வரியில் வந்திருக்கும்.

எனக்கு மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாகத்துக்கு மூலப்பொருள் தேடும்போது நாங்கள் முதலில் அட்டவணையைத் திறக்கிறோம். இழுவிசை எவ்வளவு, விலை எவ்வளவு என்று பார்க்கிறோம். அந்தப் பாகம் விடிந்ததிலிருந்து பொழுது படும் வரை எங்கே இருக்கிறது, எதில் நனைகிறது, எந்தக் கை அதைத் தொடுகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தால், அட்டவணையில் பாதிப் பெயர் தானாகவே அழிந்துவிடும். மிச்சத்துக்குத்தான் கணக்கு.

கறுப்புக் கொக்கி, அந்த அசிட்டால் பிளாஸ்டிக், நாலு கிழமையும் நின்றது. குளிரில் உடையவில்லை, எண்ணெய்க்கு மசியவில்லை, நாக்கு இன்னும் முதல் நாள் போலவே துள்ளுகிறது. எனக்கு இருக்கிற ஒரே பயம் வெயில். கழியூதாக் கதிர் அசிட்டாலுக்கு ஆகாது, மேல்தோல் சுண்ணாம்பு மாதிரிப் பொரிந்து போகும். இங்கே அந்தக் கதிர் உங்கள் பக்கத்தை விடக் கடுமை. ஆயிரம் மீற்றர் உயர உயர அது ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும் என்பார்கள், நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. பனிமூட்டத்தைப் பார்த்து இங்கே வெயிலே இல்லை என்று உன் ஆட்கள் நினைத்துவிடக் கூடாது. கறுப்பு நிறம் என்பதால் மட்டும் அது வெயில் தாங்கும் ரகம் ஆகிவிடாது. வெயிலுக்கென்றே காபன் கரி கலந்த ரகமா, வெறும் சாயமா என்று விற்கிறவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கு.

நைலோன் போடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தாய். நல்ல உறுதியான சாமான்தான், ஆனால் அது தண்ணீர் குடிக்கும். நைலோன் 6 முழுக்க ஊறினால் தன் நிறையில் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் தண்ணீர் எடுத்து, ஊதி, இளகிவிடும். வட்டவளைப் பக்கம் ஆனியில் தொடங்கிற மழை விடுகிற மழையா? அங்கே ஒரு கொக்கி மாதக்கணக்கில் காயவே காயாது. பிடித்துக் கொள்கிற பாகத்துக்கு அளவு மாறினால் பிடி போய்விடும். அதனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது முக்கியமான விஷயம். மூன்று கொக்கியும் ஒரே அச்சில் வார்த்தவை என்று நினைக்கிறேன். வேர்னியரில் அளந்தேன். சாம்பல் 49.7 மில்லிமீற்றர், வெள்ளை 49.2, கறுப்பு 49.0. அச்சு 50க்கு வெட்டியிருப்பீர்கள், சரியா? ஆறும்போது ஏபிஎஸ் அரை சதவீதம் சுருங்கும், அசிட்டால் இரண்டு சதவீதம் சுருங்கும். கறுப்புக் கொக்கியை மாட்டினால் லேசாக ஆடுகிறது, அக்காவும் அதைத்தான் முதலில் சொன்னாள். உங்கள் அச்சு ஏபிஎஸ்ஸை மனதில் வைத்து வெட்டப்பட்டது. அச்சுக்குத்தான் பெரிய காசு போகிறது, உள்ளே ஊற்றுகிற பிளாஸ்டிக்குக்குக் கொஞ்சம்தான். ஆகவே அசிட்டால் என்று முடிவானால், நல்ல அச்சை வெட்டுவதற்கு முதலே முடிவாக வேண்டும். வெட்டிய பிறகு கிலோவுக்கு நூறு ரூபா மிச்சம் என்று யாராவது வேறு பிளாஸ்டிக்குக்கு மாறச் சொன்னால் நீ சம்மதிக்கவே கூடாது. பிளாஸ்டிக் மாறினால் அளவு மாறும், அளவு மாறினால் அது வேறு கொக்கி.

வாருக்கு வருவோம். நீ அனுப்பிய நைலோன் நாடா நனைந்தால் நீளுகிறது. காலையில் இடுப்புக்கு மேல் நின்ற கூடை பத்து மணி நிறுவைக்குள் கீழே இறங்கிவிடுகிறதாம். பொலியெஸ்டர் நாடா போடு, அது தண்ணீரை அனேகமாக எடுக்காது, வெயிலுக்கும் பரவாயில்லை. அகலத்தையும் கூட்டு. கூடையில் பத்துக் கிலோ இருக்கும்போது அந்தப் பாரம் முழுக்க உச்சந்தலையில் ஒரு பட்டி இடத்தில்தான் உட்காருகிறது. 25 மில்லிமீற்றர் நாடாவை 50 ஆக்கினால் தலையில் அழுத்தம் பாதியாகும். அம்மாவின் தலையில் வார் பதிந்த பள்ளத்தை நீயும் பார்த்திருக்கிறாய். சின்னப் பிள்ளையில் நான் விரலை வைத்துப் பார்ப்பேன், மயிர் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். கொழுந்தெடுப்பதை விட்டுப் பதினாறு வருடமாகிறது, இன்னும் அந்த இடம் நிரவவில்லை. நாடாவுக்கு எவ்வளவு செலவு என்று உங்கள் கூட்டத்தில் கேட்டால் இதைச் சொல்.

கூடையின் வாய் வளையத்துக்கு அலுமினியக் குழாய் என்று வரைந்திருக்கிறாய். முன்பொரு தரம் நீ எனக்கு விளங்கப்படுத்திய கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மைக்கேல் ஆஷ்பியின் கணக்கை ஞாபகப்படுத்திப் போட்டுப் பார்த்தேன். வளையாமல் நிற்க வேண்டும், பாரமும் குறைய வேண்டும் என்றால் யங்கின் மட்டின் (பொருள் எவ்வளவு விறைப்பு என்று காட்டுகிற எண்) வர்க்கமூலத்தை அடர்த்தியால் பிரிக்க வேண்டும், எண் கூடினது நல்லது என்றாய். உருக்குக்கு 1.8 வருகிறது, அலுமினியத்துக்கு 3.1. நல்ல மரத்துக்கு ஐந்துக்கு மேல், மூங்கிலுக்கு ஆறுக்குக் கிட்ட. அந்தத் தாளை மகனிடம் காட்டினேன். "அப்போ தாத்தாவோட கூடையில எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு" என்றான். எனக்கு அது பெரிய சந்தோஷம். கணக்குத் தெரியாமல், கையால் தூக்கிப் பார்த்தே அந்தக் காலத்து ஆட்கள் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கத்திப் பிடி, மண்வெட்டிப் பிடி, மட்டக்கம்பு எல்லாமே அப்படித்தான்.

மூங்கிலையே போடு என்று நான் சொல்லவில்லை. ஊறி, பூஞ்சணம் பிடித்து, இரண்டு வருடத்தில் இற்றுப்போகும், ஒன்று போல இன்னொன்று வராது. அலுமினியம் நல்ல முடிவுதான். ஆனால் அதில் சாதாரண இரும்பு ஆணி அடிக்காதே. ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றதைத் தின்னும், அலுமினியம்தான் தேயும். அலுமினிய ரிவெற்றே போடு.

இரும்பை நான் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் கொழுந்து. பச்சைக் கொழுந்தின் சாறு இரும்பில் பட்டால் கறுக்கும். தேத்தண்ணியில் இருக்கிற அந்தத் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரி ஆகிவிடும். தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற உருட்டு மேசையில் ஏன் பித்தளைக் கட்டை வைத்திருந்தார்கள், பிறகு ஏன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறினார்கள் என்று சின்ன வயதில் டீமேக்கரிடம் கேட்டு ஏச்சு வாங்கினோமே, பதில் இதுதான். உங்கள் மாதிரிக் கூடையின் அடிவளையம் நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு. பூச்சு உரசிப் போன இடத்தில் துரு கண்டு, அதில் பட்ட கொழுந்தில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. நிறுக்கிற இடத்தில் அந்தக் கொழுந்தைக் கழித்தால் அக்காவுக்குத்தான் நட்டம். அப்புறம் பக்கச் சுவரில் காற்றோட்டம் வைத்திருக்கிறாய், அது மிக நல்லது. மூடின சாக்கில் அடைத்த கொழுந்து சூடேறிச் சிவந்து போகும். துவாரங்களை இன்னும் கூட்டினாலும் தப்பில்லை.

இவ்வளவும் எழுதுகிற நானே ஒரு பிழை விட்டிருக்கிறேன், உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்று வருடம் முன்பு பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு கிழவி கேத்தலைக் கொண்டு வந்தாள், கைப்பிடி இல்லை. கழற்றிப் போட்ட பழைய மெசின் ஒன்றின் நைலோன் துண்டு என்னிடம் கிடந்தது, கடைந்து போட்டுக் கொடுத்தேன். நைலோன் 200 பாகைக்கு மேல்தானே உருகும், தண்ணீர் இங்கே 96 பாகையிலேயே கொதித்துவிடும், பயமில்லை என்பது என் கணக்கு. தண்ணீரை நினைத்தேனே தவிர அடுப்பை நினைக்கவில்லை. அவள் வீட்டில் விறகடுப்பு. சுவாலை கேத்தலின் பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடி வரை வருகிறது. பிடி இளகி ஒரு பக்கம் கழன்று, கொதிதண்ணீர் அவள் காலில் கொட்டிவிட்டது. காயம் ஆறிவிட்டது. என் மனம் ஆற நாளெடுத்தது.

பிறகுதான் அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். கடையில் விற்கிற கேத்தல்களில் கறுப்புப் பேக்கலைட் பிடி இருக்குமே, லியோ பேக்லண்ட் 1907இல் கண்டுபிடித்தது, அது ஒரு தரம் இறுகினால் மறுபடி உருகாது. காஸ் அடுப்புக்கு அதை விட நல்லது இல்லை. விறகடுப்புச் சுவாலை நேரே பட்டால் அதுவும் கருகி வெடிக்கும். கடைசியில் ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றிப் பிடி செய்து கொடுத்தேன். உலோகம்தான், ஆனால் ஸ்டெயின்லெஸ் சூட்டை அலுமினியத்தின் பத்தில் ஒரு பங்கு கூடக் கடத்தாது. மெல்லிய கம்பி, சூடு சுருளின் நீளம் முழுக்கச் சுற்றி வர வேண்டும், நடுவில் காற்று. கை சுடவில்லை. இன்றைக்கும் அதே கேத்தலில்தான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருகிறாள்.

அதனால்தான் உன் கொக்கியை மேசையில் வைத்துப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வேண்டுகோள். கொக்கியை நாடாவோடு சேர்த்துத் தைத்திருக்கிறாய். அது உடைந்தால் முழு வாரும் வீண். நாடாவைத் துவாரத்தில் கோத்து மடித்து இழுத்து மாட்டுகிற மாதிரிச் செய், கடையில் ஒரு கொக்கி வாங்கி அவளே மாற்றிக்கொள்வாள். பகலில் மலையில் உடைந்தால் அடுத்த நிறுவைக்குள் கயிற்றால் கட்டியாவது ஓட்டலாம். எந்தப் பிளாஸ்டிக் என்பதையும் கொக்கியின் முதுகில் அச்சிலேயே பதித்துவிடு. பத்து வருடத்துக்குப் பிறகு என்னைப் போல ஒருத்தன் அதைக் கையில் எடுத்தால் எதைக் கொண்டு திருத்துவது என்று தெரிய வேண்டும்.

அக்கா சொன்ன குறை ஒன்று மிச்சம். கொக்கியைத் திறக்க இரண்டு பக்கமும் சேர்த்து அமத்த வேண்டியிருக்கிறது. காலையில் விரல் விறைத்திருக்கும், கொழுந்துக் கறை பிடித்து நுனியெல்லாம் வெடித்திருக்கும், மற்றக் கையில் கூடையைத் தாங்க வேண்டும். ஒரு கைப் பெருவிரலால் திறக்கிற மாதிரி ஆகுமா என்று கேட்கிறாள். உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினாள். பெருவிரல் எட்டுகிற தூரத்தை அளந்து கடதாசியில் கோடு போட்டு இதோடு வைத்திருக்கிறேன், மற்ற இரண்டு பேருடைய அளவும் அதில் இருக்கிறது. உடைந்த வெள்ளைக் கொக்கியும் உறைக்குள் இருக்கிறது, அந்த உள்மூலையை நீயே பார்.

புதிய மாதிரி வார்த்ததும் வகைக்கு ஆறு கொக்கியாவது அனுப்பு. சித்திரை வருடப்பிறப்புக்கு வருவதாக இருந்தால் நீயே கொண்டு வா, கந்தப்பளைக்கு இரண்டு பேருமாகப் போய் ஒரு காலை பெரட்டுக் களத்தில் நிற்போம். ஸ்வெட்டர் எடுத்து வர மறக்காதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குக் கூட்டாளி